பெங்களூரில் ஃப்ரண்ட்எண்ட் என்ஜினியர்: பட்டன் டேக்கிலிருந்து ஸ்டாஃப் என்ஜினியர் வரை முழுமையான வழிகாட்டி

போன மாதம் எங்கள் டீமில் திருநெல்வேலித் தம்பி ஒருவர் சேர்ந்தார். வலைப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியும் பகுதியைக் கட்டும் ஃப்ரண்ட்எண்ட் வேலைக்கு வந்தவர். ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி நன்றாக வரும், டைப்ஸ்கிரிப்ட் (ஜாவாஸ்கிரிப்டோடு வகைக் குறிப்புகள் சேர்ந்த மொழி) வரும், கை வேகம். முதல் வாரம் அவர் கட்டிக் கொடுத்த பேமென்ட் பக்கத்தில் "பணம் செலுத்து" பட்டன், வெறும் பெட்டியாக மட்டும் இருக்கும் டிவ் என்ற எச்டிஎம்எல் டேக்கில் இருந்தது. ஏன் பட்டன் டேக் போடவில்லை என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதானேண்ணா, கிளிக் பண்ணா வேலை செய்யுதே" என்றார். சரி என்று அவருடைய மவுஸை எடுத்து என் மேசையில் வைத்துக்கொண்டு, இப்போது பணம் கட்டுங்கள் தம்பி என்றேன். டேப் கீயை அழுத்தினார். கார்டு நம்பர், காலாவதி தேதி, சிவிவி என்று ஃபோகஸ் வரிசையாகப் போய், பட்டனைத் தாண்டி, அடியில் இருந்த ஃபுட்டர் லிங்க்கில் நின்றது. பின்னால் வந்தார், மறுபடியும் தாண்டியது. கொஞ்ச நேரம் திரையையே பார்த்துவிட்டு அவரே டேக்கை மாற்றினார். அதன்பின் என்டர் அழுத்தினாலும் ஸ்பேஸ் அழுத்தினாலும் பணம் போனது, ஸ்கிரீன் ரீடர் (பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) அதை "பட்டன்" என்று வாசித்தது, அதற்காக ஒரு வரி ஜாவாஸ்கிரிப்ட்கூட அவர் எழுத வேண்டியிருக்கவில்லை.

இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம். பதினோரு வருடமாக பெங்களூரில் இதே வேலையில் இருக்கிறேன், இன்டர்வியூ மேசையின் இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன், நான் பார்த்தவரை பிரௌசர் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர்கள் எந்த அலை வந்தாலும் நிற்கிறார்கள். லைப்ரரிகளும் ஃப்ரேம்வொர்க்குகளும் (முன்பே எழுதிவைத்த ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்புகள்) ஜெக்வரி 2006, ஆங்குலர்ஜேஎஸ் 2010, ரியாக்ட் 2013, வ்யூ 2014 என்று ஒவ்வொன்றும் வந்தபோது இதுதான் எல்லாம் என்றுதான் பேசிக்கொண்டோம். ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கான ஆதரவு 2021 டிசம்பரோடு முடிந்துபோனது, அதை மட்டுமே நம்பி இருந்த என் நண்பர்கள் சிலர் ஐந்தாறு வருட அனுபவத்தோடு புதிதாகப் படிக்க வேண்டியதாயிற்று. ஆனால் வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வுக்கூடத்தில் எழுதிய முதல் வலைப்பக்கம் இன்றைக்கும் உங்கள் போனில் இருக்கும் பிரௌசரில் திறக்கும். எங்கே நேரம் செலவழிக்க வேண்டும் என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல கணக்கு தெரியவில்லை.

படி 1: முதல் நான்கு மாதம், ஃப்ரேம்வொர்க்கைத் தொடாமல்

எச்டிஎம்எல் இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். ஒரு ரயில் டிக்கெட் முன்பதிவு ஃபார்மை எடுத்துக்கொள்ளுங்கள்: பெயர், வயது, பெர்த் விருப்பம், தேதி, மூத்த குடிமகனா என்ற டிக். ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட இல்லாமல் அதைக் கட்டுங்கள். லேபிளைத் தொட்டால் பெட்டிக்குள் கர்சர் போகிறதா, போனில் வயதுப் பெட்டியைத் தொட்டால் எண் கீபோர்டு வருகிறதா, தவறான தேதியை பிரௌசரே மறுக்கிறதா, மவுஸ் இல்லாமல் கடைசிவரை போக முடிகிறதா என்று பாருங்கள். இதை உருப்படியாகச் செய்ய ஒரு வாரம் ஆகும், ஆகட்டும்.

சிஎஸ்எஸ்தான் பலரும் கோபப்படும் இடம். பாக்ஸ் மாடல், சாதாரண ஃப்ளோ, பொசிஷன், ஸ்டாக்கிங் இந்த நான்கும் புரியாமல் ஃப்ளெக்ஸ்பாக்ஸுக்கும் கிரிடுக்கும் ஓடுவதால்தான் அந்தக் கோபம். கிரிட் 2017 மார்ச்சில் க்ரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றிலும் வந்துவிட்டது, இன்னமும் எல்லாவற்றையும் மார்ஜினால் தள்ளித் தள்ளி அடுக்குகிறவர்களைப் பார்க்கிறேன். ஒரு பயிற்சி சொல்கிறேன்: கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து அதை அப்படியே வலைப்பக்கமாக்குங்கள், 360 பிக்சல் அகலத்திலும் 1440 பிக்சல் அகலத்திலும் படிக்க முடிய வேண்டும். பெரியவர்கள் பெயர் வரிசை, இரண்டு வீட்டாரின் முகவரி பக்கம் பக்கமாக, நடுவில் முகூர்த்த நேரம் என்று கிரிடுக்கு அதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அப்புறம் ஜாவாஸ்கிரிப்ட். 1995-இல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் முதல் வடிவத்தை எழுதிய மொழி, அதன் சில விசித்திரங்களுக்கு அந்த அவசரமும் ஒரு காரணம். க்ளோஷர், ப்ராமிஸ், ஈவென்ட் லூப், டாம் ஈவென்ட்டுகள் மேலே ஏறும் விதம், இவை நான்கையும் இன்னொருவருக்குப் பேப்பரில் படம் போட்டு விளக்கும் அளவுக்குத் தெரிய வேண்டும். செட்டைம்அவுட்டில் பூஜ்யம் கொடுத்தாலும் ஏன் ப்ராமிஸின் வரி முதலில் ஓடுகிறது என்று சொல்லத் தெரிந்தால் பாதி பயம் போய்விடும்.

படிக்க எம்டிஎன் (மொசில்லாவின் வலைத் தொழில்நுட்ப ஆவணத் தளம்) போதும், இலவசம். ஆங்கிலம் கஷ்டமாக இருந்தால் கணியம் அறக்கட்டளை வெளியிடும் தமிழ் மின்னூல்களில் ஆரம்பித்து, பிறகு எம்டிஎன்னுக்குப் போங்கள். இருபது வீடியோ கோர்ஸ் வாங்கி வைத்துக்கொண்டு எதையும் முடிக்காமல் இருப்பதுதான் பெரிய நேர விரயம்.

படி 2: டெவ்டூல்ஸ்

டெவ்டூல்ஸ் என்பது பிரௌசருக்குள்ளேயே இருக்கும் டெவலப்பர் கருவிகள். எஃப்12 அழுத்தி கன்சோலில் லாக் பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். நெட்வொர்க் டேபைத் திறந்து வேகத்தைக் குறைத்து வைத்து உங்கள் பக்கத்தை நீங்களே திறந்து பாருங்கள், பெர்ஃபார்மன்ஸ் டேபில் சிபியுவை நான்கு மடங்கு மெதுவாக்கிப் பாருங்கள். பிரேக்பாயின்ட் வைத்து வரி வரியாக நகரப் பழகுங்கள். ஒருவர் பக் தேடும் விதத்தைப் பத்து நிமிடம் பார்த்தாலே அவர் எத்தனை வருடம் வேலை செய்தவர் என்று தோராயமாகச் சொல்லிவிடலாம்.

படி 3: ரியாக்ட், டைப்ஸ்கிரிப்ட்

இதை நீட்டப் போவதில்லை. பெங்களூரில் வேலை விளம்பரங்களைப் புரட்டினால் ரியாக்டும் டைப்ஸ்கிரிப்டும்தான் அதிகம் கண்ணில் படும், அதனால் அவற்றைப் படியுங்கள். முதல் நான்கு மாதம் ஒழுங்காக இருந்தால் ஆறு வாரத்தில் பிடிபடும். ஸ்டேட்டை (பக்கத்தில் மாறிக்கொண்டே இருக்கும் தரவை) எங்கே வைப்பது, எஃபெக்ட்டை எப்போது எழுதக் கூடாது, இந்த இரண்டு கேள்விக்கும் உங்களுக்கென்று ஒரு பதில் வரும்வரை வேறு லைப்ரரிக்குப் போகாதீர்கள்.

படி 4: தமிழுக்காக ஒரு ப்ராஜெக்ட் கட்டுங்கள்

இது என் மனதுக்கு மிக நெருக்கமான படி, அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். டூடூ லிஸ்ட், வானிலை ஆப் எல்லாம் ஒவ்வொரு ரெஸ்யூமிலும் இருக்கின்றன. தமிழில் ஓடும் ஒரு சின்ன ஆப்பைக் கட்டினால் வேறு யாரும் கேட்காத கேள்விகள் உங்கள் முன் வந்து நிற்கும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு கம்பெனியில் உறுப்பினர் அட்டை தயாரிக்கும் பக்கம் இருந்தது. பெயர்ப் பெட்டிக்கு 15 எழுத்து வரம்பு. மீனாட்சிசுந்தரம் என்று ஒருவர் பதிவு செய்திருந்தார், அட்டையில் "மீனாட்சிசுந்தரம" என்று அச்சாகி வந்தது, கடைசிப் புள்ளியைக் காணோம். அந்தப் பெயரில் நம் கணக்குக்கு ஒன்பது எழுத்துதான்: மீ, னா, ட், சி, சு, ந், த, ர, ம். ஆனால் எழுத்துகளுக்குக் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடில் துணைக்கால், கொக்கி, புள்ளி எல்லாம் தனித்தனி இடம் பிடிக்கும். ம ஒன்று, அதன் ஈகாரக் குறி ஒன்று, ன ஒன்று, துணைக்கால் ஒன்று என்று எண்ணிக்கொண்டே போனால் பதினாறு வரும். பதினாறாவது, கடைசி 'ம்' எழுத்தின் புள்ளி. பிரௌசர் பதினைந்தில் வெட்டிவிட்டது. "தமிழ்" என்ற சொல்லுக்கே ஜாவாஸ்கிரிப்டில் லெங்த் கேட்டால் 5 என்று வரும், யுடிஎஃப்-8இல் சேமித்தால் 15 பைட். எழுத்தை எழுத்தாக எண்ணுவதற்கு இன்டிஎல் செக்மென்டர் என்று பிரௌசரிலேயே ஒரு வசதி இருக்கிறது, அது சரியாக 3 என்று சொல்லும். அந்த அட்டையைத் திருத்த நான் சொன்னபோது "ஒரு புள்ளிதானே" என்று மீட்டிங்கில் தள்ளிப்போட்டார்கள், இரண்டு மாதம் கழித்துத்தான் சரியானது. அவருடைய பெயரை அவருக்கே தப்பாக அச்சடித்துக் கொடுத்தோமே என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இதேபோல் இன்னும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் ஆறு எழுத்தில் முடியும் "சப்மிட்" தமிழில் "சமர்ப்பிக்கவும்" ஆகும்போது பட்டனுக்கு வெளியே வழியும். அகலத்தைப் பிக்சலில் கட்டிவைக்காமல் பேடிங்கால் வளர விட வேண்டும். 1.2 லைன் ஹைட்டில் மேல் வரியின் கூகாரமும் கீழ் வரியின் கீகாரமும் முட்டிக்கொள்ளும், 1.6க்கு மேல் வையுங்கள். தொகையை 1,00,000 என்று நம் ஊர் வழக்கப்படி காட்ட நீங்கள் கமா போடும் ஃபங்ஷன் எழுத வேண்டாம், எண் வடிவமைப்புக்கான இன்டிஎல் வசதியில் தமிழ்-இந்தியா லொகேலைக் (மொழி, நாட்டு வழக்கைக் குறிக்கும் அமைப்பை) கொடுத்தால் போதும். இவற்றைச் சந்தித்து எப்படித் தீர்த்தீர்கள் என்று ரீட்மீயில் (ப்ராஜெக்டோடு வைக்கும் விளக்கக் கோப்பில்) எழுதிவையுங்கள். அப்படி ஒரு ரீட்மீயைப் படித்துவிட்டு, கேள்வி கேட்க வந்ததை மறந்து அரைமணி நேரம் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்திருக்கிறேன், அந்தப் பெண் இப்போது எங்கள் பக்கத்து டீமில் இருக்கிறார்.

படி 5: ரெஸ்யூம்

ஒரு பக்கம். "ரியாக்ட் பயன்படுத்தி யூஐ உருவாக்கினேன்" என்ற வரியால் பயனில்லை. எது உடைந்திருந்தது, என்ன செய்தீர்கள், அதற்குப் பிறகு என்ன மாறியது என்று எழுதுங்கள். ப்ராஜெக்ட் லிங்க்கை அனுப்பும் முன் உங்கள் அம்மாவின் போனில் திறந்து பாருங்கள். நௌக்ரி வேலைத் தளத்தில் ப்ரொஃபைல் இருக்கட்டும், ஆனால் உள்ளே வேலை செய்யும் ஒருவர் ரெஃபர் செய்வதற்கு இருக்கும் பலம் வேறு. காலேஜ் சீனியரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். "அண்ணா, உங்க கம்பெனியில இந்த ரோல் ஓப்பன் ஆயிருக்கு, இதுதான் என் ரெஸ்யூம், பொருத்தமா இருந்தா ரெஃபர் பண்ண முடியுமா" என்று வேலை லிங்க்கோடு கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள். வெறும் "ஹாய் அண்ணா"வோடு நிறுத்தினால் பதில் வராது.

படி 6: இன்டர்வியூ

பெங்களூர் கம்பெனிகள் பலவற்றில் மெஷின் கோடிங் ரவுண்டு உண்டு. ஒரு மணி நேரம் அல்லது தொண்ணூறு நிமிடம், கையில் லேப்டாப், எதிரில் ஒருவர், ஒரு சின்ன விட்ஜெட்டை முழுசாகக் கட்ட வேண்டும். அதிகம் வருவது தேடல் பெட்டி, அதாவது டைப் செய்யச் செய்யப் பரிந்துரை காட்டுவது. நான் கேட்கும்போது எதைப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன்.

முதல் பதினைந்து நிமிடத்தில் பெட்டியும் பட்டியலும் வந்துவிட வேண்டும், அழகு பிறகு. ஒவ்வொரு எழுத்துக்கும் சர்வரைக் கூப்பிடாமல் 300 மில்லிசெகண்ட் டிபவுன்ஸ் (டைப் செய்வது நிற்கும்வரை காத்திருப்பது) போடுகிறாரா என்பது அடுத்தது, இதைப் பலர் செய்துவிடுவார்கள். அதற்கடுத்த இடத்தில்தான் ஆள் பிரிகிறது. "மது" என்று அடித்து, ஒரு கணம் நிறுத்தி, "மதுரை" என்று முடிக்கிறோம். இரண்டு ரெக்வெஸ்ட் போகின்றன. "மது"வுக்கான பதில் தாமதமாகி, "மதுரை"யின் பதிலுக்குப் பிறகு வந்து சேர்கிறது. பெட்டியில் மதுரை, பட்டியலில் மதுராந்தகமும் மதுக்கரையும். இதை நானாகச் சொல்லாமல் அவரே கவனித்து, பழைய ரெக்வெஸ்ட்டை அபார்ட் கன்ட்ரோலரால் நிறுத்தினாலோ, கடைசி ரெக்வெஸ்ட்டின் எண்ணை வைத்துப் பழையதை ஒதுக்கினாலோ என் மனதில் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது. பிறகு அம்புக்குறி கீகள், எஸ்கேப், முடிவு இல்லாதபோது என்ன காட்டுவது, நெட் போனால் என்ன காட்டுவது. நேரம் இல்லாவிட்டால் "இது விட்டுப்போகிறது, இப்படிச் செய்திருப்பேன்" என்று வாயால் சொல்லுங்கள், அதற்கும் மார்க் உண்டு.

வாயால் சொல்வது என்றதும் இன்னொன்று. நம் பக்கத்திலிருந்து, அதிலும் தமிழ் மீடியத்திலிருந்து வருகிறவர்கள் விடை தெரிந்தும் பேசாமல் கோடு மட்டும் அடித்துக்கொண்டிருப்பதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், மனது கஷ்டமாக இருக்கும். எதிரில் இருப்பவருக்கு உங்கள் தலைக்குள் ஓடுவது தெரியாது. தினமும் இருபது நிமிடம் போனில் ரெக்கார்டரைப் போட்டு, கோடு எழுதிக்கொண்டே என்ன செய்கிறோம் என்று எளிய ஆங்கிலத்தில் சொல்லிப் பாருங்கள். முதல் வாரம் தமிழிலேயே சொல்லுங்கள், தவறில்லை, சிந்தனை வரிசைப்படும். மூன்று வாரத்தில் வித்தியாசம் உங்களுக்கே கேட்கும்.

படி 7: ஆஃபரும் ஊரும்

சிடிசி (உங்களுக்காகக் கம்பெனி வருடத்துக்குச் செலவழிக்கும் மொத்தத் தொகை) என்ற எண்ணை வீட்டில் சொல்லும் முன் அதைப் பிரித்துப் பாருங்கள். கம்பெனி கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டி, இன்ஷூரன்ஸ், வேரியபிள், சில இடங்களில் ஜாயினிங் போனஸ்கூட அதற்குள் அடக்கம். மாதம் கையில் எவ்வளவு வரும் என்று எச்ஆரிடம் நேராகக் கேளுங்கள், மெயிலில் வாங்குங்கள். இசாப் (கம்பெனிப் பங்குகளை வாங்கும் உரிமை) கொடுத்தால் வழக்கமாக நான்கு வருடத்தில் பிரித்துத் தருவார்கள், முதல் வருடம் முடியும் முன் கிளம்பினால் ஒன்றும் கிடைக்காது. நோட்டீஸ் பீரியட் 30 நாளா 90 நாளா என்று பாருங்கள், அடுத்த வேலை தேடும்போது அந்த 90 நாள்தான் காலைக் கட்டும்.

வீடு பார்க்கும்போது ஆபீஸ் இருக்கும் பக்கமே பாருங்கள். பெல்லந்தூரில் ஆபீஸ் வைத்துக்கொண்டு வாடகை குறைவென்று ஊரின் மறுகோடியில் தங்கினால், சில்க் போர்டு ஜங்ஷனில் கழியும் நேரத்தில் ஒரு மொழியே படித்துவிடலாம். ஒயிட்ஃபீல்டு என்றால் பர்ப்பிள் லைன் மெட்ரோ இருக்கிறது, அந்த வழியில் எங்கே இருந்தாலும் தப்பிக்கலாம். முதல் ஆறு மாதம் பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி) போதும், வீட்டு அட்வான்ஸாகப் பல மாத வாடகையை ஒரேயடியாகக் கேட்பார்கள். அல்சூர், மர்பி டவுன் பக்கம் தமிழ்ச் சத்தம் கேட்கும், ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையும் கொஞ்ச தூரத்தில் தமிழ்ச் சங்கமும் இருக்கின்றன, ஊர் ஞாபகம் வரும்போது போய் வாருங்கள். கன்னடம் கற்றுக்கொள்ளுங்கள், நமக்கு மூன்று மாதத்தில் வந்துவிடும் மொழி, நாம் வந்து தங்கியிருக்கும் ஊருக்கு அந்த மரியாதை நியாயம்.

படி 8: சேர்ந்த பிறகு, இரண்டாம் வருடத்திலிருந்து ஆறாம் வருடம் வரை

முதல் வருடம் டிக்கெட் முடிப்பதிலேயே போய்விடும், போகட்டும். இரண்டாம் வருடத்திலிருந்து டீமில் யாரும் கையில் எடுக்காத ஒன்றை உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். என் சிபாரிசு இரண்டு.

ஒன்று வேகம். பெரிய உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிசெகண்டுக்குள் திரை மாற வேண்டும், பக்கம் குதிக்கும் அளவு 0.1ஐத் தாண்டக் கூடாது, அதுவும் 100 பேர் வந்தால் குறைந்தது 75 பேருக்கு. கூகுள் வகுத்த கோர் வெப் வைட்டல்ஸ் இவைதான். இவற்றில் தொட்டதும் திரை மாறுவதை அளக்க, 2024 மார்ச்சில் எஃப்ஐடி என்ற பழைய அளவு போய் அதன் இடத்தில் ஐஎன்பி வந்தது. ஒருமுறை எங்கள் முகப்புப் பக்கம் போனில் நான்கு நொடிக்கு மேல் வெறுமையாக நின்றது. எல்லோரும் ஜாவாஸ்கிரிப்டைக் குறைக்க ஓடினார்கள். காரணம், மேலே இருந்த பேனர் படத்துக்கு யாரோ லேஸி லோடிங் போட்டிருந்ததுதான். முதலில் தெரிய வேண்டிய படத்தையே தாமதமாக வா என்று சொல்லியிருக்கிறோம். அந்த ஒரு வார்த்தையை எடுத்துவிட்டு, முன்னுரிமை கொடுத்து, அகலம் உயரம் இரண்டையும் எழுதியதும் பக்கம் சரியானது. ஆபீஸ் மேக்புக்கிலும் ஃபைபர் லைனிலும் இது தெரியவே தெரியாது. டீமுக்கென்று பத்தாயிரம் ரூபாய்க்குள் ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கச் சொல்லுங்கள், ரிலீஸுக்கு முன் அதில் பார்க்காமல் விடாதீர்கள்.

இன்னொன்று அணுகல்தன்மை, அதாவது எல்லோராலும் பயன்படுத்த முடிவது. எழுத்துக்கும் பின்னணிக்கும் 4.5க்கு 1 கான்ட்ராஸ்ட், 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2 (வலை அணுகல்தன்மைக்கான வழிகாட்டி) சொல்லும் 24 பிக்சல் தொடு அளவு, கீபோர்டு, ஸ்கிரீன் ரீடர். ஸ்கிரீன் ரீடர்களில் விண்டோஸுக்கு என்விடிஏ இலவசம், ஆண்ட்ராய்டில் டாக்பேக் ஏற்கெனவே இருக்கிறது. டாக்பேக்கைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உங்கள் பக்கத்தில் ஒரு பொருளை வாங்கிப் பாருங்கள். நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இலேயே வந்துவிட்டது, ஆனால் சட்டத்துக்காகச் செய்ய வேண்டாம். வெயிலில் நின்று போனைப் பார்க்கும் டெலிவரி ஊழியருக்கும், கண்ணாடியை மறந்துவிட்ட உங்கள் அப்பாவுக்கும் இதே வேலைதான் உதவுகிறது.

பாதுகாப்பையும் தொட்டுவிடுகிறேன்: பயனர் எழுதியதை, கொடுத்ததை அப்படியே எச்டிஎம்எல்லாக்கிவிடும் இன்னர் எச்டிஎம்எல்லில் போடாதீர்கள்.

ஏஐ கருவிகளைப் பற்றித் தினமும் யாராவது கேட்கிறார்கள், அண்ணா இந்த வேலை இருக்குமா என்று. நானும் பயன்படுத்துகிறேன், வேகமாக எழுதித் தருகிறது. தம்பியின் டிவ் பட்டனும் அப்படி வந்ததுதான் என்று பிறகு தெரிந்தது. அது தருவதை வாசித்து, இது டேப் கீயில் நிற்காது, இதில் பழைய பதில் வந்து மேலே விழும், இதில் புள்ளி வெட்டுப்படும் என்று சொல்ல ஆள் வேண்டும். அந்தப் பார்வை வரும்வரை, வாரத்தில் ஒரு நாளாவது எந்த உதவியும் இல்லாமல் எழுதுங்கள்.

படி 9: சீனியர், அதற்கு மேல்

சீனியர் ஆனதும் ஒரு கிளை பிரியும், மேனேஜர் ஆவதா ஸ்டாஃப் என்ஜினியர் வழியா என்று. வீட்டில் மேனேஜர் என்றால்தான் புரியும், அதற்காகப் போகாதீர்கள். மேனேஜருக்கு நாள் முழுக்க மனிதர்கள், ஸ்டாஃப் என்ஜினியருக்குப் பல டீம்களைக் கடக்கும் பிரச்சினைகள்: டிசைன் சிஸ்டம் (எல்லா டீமும் பயன்படுத்தும் பொதுவான பட்டன், நிறம், எழுத்துத் தொகுப்பு), தளத்தை நிறுத்தாமல் பழைய கோடிலிருந்து புதியதற்கு மாறுவது, எது சர்வரில் ரெண்டர் ஆக வேண்டும் எது பிரௌசரில் என்ற முடிவு. இரண்டாவதற்கு எழுத்து முக்கியம். ஒரு முடிவை இரண்டு பக்கத்தில், ஏன் மற்ற வழிகளை விட்டோம் என்பதோடு எழுதத் தெரிய வேண்டும். மூன்றாம் வருடத்திலிருந்தே எழுத ஆரம்பியுங்கள்.

ஆர்வத்தை ஆபீஸுக்குள்ளேயே அடைத்துவிடவும் கூடாது. பெங்களூரில் ஜாவாஸ்கிரிப்ட் மீட்டப்புகள் சனிக்கிழமைகளில் நடக்கும், பெரும்பாலும் இலவசம். முதல் இரண்டு தடவை பின்வரிசையில் உட்காருங்கள், மூன்றாவது தடவை பத்து நிமிடப் பேச்சுக்குப் பெயர் கொடுங்கள். தலைப்பு வேண்டுமென்றால் மீனாட்சிசுந்தரத்தின் புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னடம், தெலுங்கு, மலையாளம் என்று அந்த அறையில் இருக்கும் பாதிப்பேருக்கு அவரவர் மொழியில் அதே பிரச்சினை இருக்கும், பேச்சு முடிந்ததும் டீ கவுன்டரில் உங்களைத் தேடி வருவார்கள்.